அயல்வீட்டில் பிள்ளையாதல்



விழா மேடையிலே சேவையைப் பற்றிப் பேசுவது எளிது. ஆனால் சேவைக்கென்று கடல் கடந்து போன ஒருவர், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கூரையின்கீழ் முதல் மாதங்களை எப்படிக் கழிக்கிறார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

1958-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வி.எஸ்.ஓ. என்னும் தொண்டர் அமைப்பு தோன்றியது. 1961-இல் அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடி அவர்கள் அமைதிப் படையை ஏற்படுத்தினார். அதே ஆண்டிலேயே அப்படையின் தொண்டர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தனர். இன்று அங்கே போகும் தொண்டர், பயிற்சிக் காலத்தில் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்குகிறார். விடுதியில் வைக்காமல் வீட்டில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டின் மொழியும் பழக்கமும் வகுப்பறையைவிட அடுப்பங்கரையிலேதான் விரைவில் வந்து சேரும். பிலிப்பைன்ஸ் பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள் வாழும் நாடு. ஆகவே அந்த வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அந்த வீட்டிலே முதற் பாடம் வணக்கம். பெரியவரைக் கண்டால் அவர் கையைப் பற்றித் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு 'மானோ' என்று பெயர். பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்ற மரியாதைச் சொல்லையும் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் 'ங்க' சேர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வாசலில் வந்தால் 'குமாயின் கா நா?' என்பார்கள். 'சாப்பிட்டாயா?' என்று பொருள். நமக்கு இது புதிதல்ல. ஆனால் இதைக் கேட்டுப் பழகாத நாட்டிலிருந்து போனவர், தம்மை ஏன் எல்லோரும் ஓயாமல் விசாரிக்கிறார்கள் என்று திகைப்பார்.

பட்டம் பெற்றவர், பள்ளியிலே பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவர், அந்த வீட்டிலே வாளித் தண்ணீரை 'தாபோ' என்னும் குவளையால் மொண்டு குளிக்கக் கற்றுக்கொள்கிறார். வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் பிடித்துச் சோறு உண்ணப் பழகுகிறார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு அந்த வீட்டுச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களே திருத்தியும் கொடுக்கிறார்கள். ஆசிரியராகப் போனவர் அங்கே முதலில் மாணவராகிறார்.

இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். பழகக் கடினமானவை வேறு.

முதலாவது, தனிமை. தனி அறையும் தனி நேரமும் வேண்டும் என்று வளர்ந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் வாசிக்க உட்காருகிறார். வீட்டாரோ, 'பாவம், மனம் வாடியிருக்கிறார்' என்று எண்ணிப் பேச்சுத் துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புகிறார்கள். அவர் தொந்தரவு என்று நினைப்பது, அவர்கள் பார்வையில் அன்பு.

இரண்டாவது, சொல்லாத வருத்தம். அங்கே முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லப் பலர் தயங்குவார்கள். மனம் புண்பட்டாலும் சண்டை இடுவதில்லை. பேச்சைக் குறைத்து ஒதுங்கி நிற்பார்கள். இதைத் 'தாம்போ' என்கிறார்கள். அப்போது காரணத்தைத் துருவித் துருவிக் கேட்பதில் பயனில்லை. அருகில் சென்று உட்கார வேண்டும். ஒரு வேலையில் கைகொடுக்க வேண்டும். மெல்லச் சமாதானப்படுத்த வேண்டும். வெளியூர் போய்த் திரும்பும்போது 'பசலுபோங்' என்று வீட்டாருக்கு ஏதேனும் தின்பண்டம் வாங்கி வருவது வழக்கம். பண்டம் சிறியதே. 'உங்களை நினைத்தேன்' என்று அது சொல்லிவிடும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரியது. கொடுக்கப் போனவர் வாங்கிக்கொள்ளக் கற்க வேண்டும். விருந்தினருக்கென்று மீனில் நல்ல துண்டை ஒதுக்குகிறார்கள். வசதியான படுக்கையை விட்டுக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் நெருங்கிப் படுக்கிறார்கள். செலவுக்கென நிறுவனம் ஒரு தொகை தருவது உண்டுதான். ஆனால் பாயில் நெருங்கிப் படுப்பதற்கு எந்தத் தொகை ஈடாகும்? கூச்சத்தால் மறுத்துக்கொண்டே இருப்பவர் என்றும் விருந்தாளியாகவே இருப்பார். நன்றியோடு ஏற்றுக்கொண்டு, மறுநாள் காலையில் தாமே துடைப்பத்தை எடுப்பவர் வீட்டுப் பிள்ளையாகிறார். நம் ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பியபோதும், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதை உண்ணும்படி சொல்லி அனுப்பினார் அல்லவா? கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவனுக்கே அடுத்தவர் வீட்டுச் சோற்றின் அருமை தெரியும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலையில் அங்கே திருப்பலி நடைபெறும். 'சிம்பாங் காபி' என்பது அதன் பெயர். இருட்டிலேயே குடும்பம் முழுவதும் கோவிலுக்குப் போய்த் திரும்புகையில், அரிசிமாவும் தேங்காயும் சேர்த்துச் சுட்ட 'பிபிங்கா'வைச் சூடாக வாங்கி உண்பார்கள். மொழி முற்றும் விளங்காத தொண்டரும் அந்த நடையிலே அக்குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறார்.

2020 மார்ச்சில் கோவிட் தொற்று பரவியபோது, அமைதிப் படை உலகெங்கும் இருந்த தன் தொண்டர்களை, ஏறக்குறைய 7,000 பேரை, திரும்ப அழைத்துக்கொண்டது. முடிவு திடீரென வந்தது. பலர் முறையாக விடைபெறவும் நேரமில்லை. எடுத்த வேலைகள் பாதியில் நின்றன. ஆயினும் ஒரு வீட்டில் பிள்ளையாக இருந்தது பாதியில் நிற்கும் காரியமல்ல. சேவையில் எது நிலைக்கும் என்பதை அந்த மார்ச் மாதம் காட்டிவிட்டது.

இளைஞர்களே! நாளை நீங்கள் தொண்டுக்கென எந்த நாட்டுக்குப் போனாலும், கொண்டு போகும் அறிவைப் பெட்டியிலேயே சில வாரம் வையுங்கள். முதலில் அந்த வீட்டுத் தாய் தரும் தட்டை இரு கைகளாலும் வாங்குங்கள். தாய்மார்களே! அயல்நாட்டுப் பிள்ளை ஒன்று நம் வீட்டில் தங்க நேர்ந்தால், அது கதவைச் சாத்திக்கொண்டு சற்றுத் தனியே இருக்க விரும்பினால், கோபம் என்று எண்ணாதீர்கள். பொறுத்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் உரியது.