கேள்வி எழவில்லையாம்! எழுப்புவோம் நாம்!

(கரும்பு விவசாயிகளின் ஒன்றியக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓட்டு கேட்டு வரும்போது நம்ம தெருவில் கும்பிடு போடாத வேட்பாளர் கிடையாது. ஜெயித்துப் போனபிறகு சபையில் நமக்காக எழுந்து என்ன கேட்டார் என்பதை மட்டும் யாரும் வந்து சொல்வதில்லை. காதுகுத்துக்கு வந்தார், நிழற்குடை திறந்தார், அதெல்லாம் தெரியும். ஆனால் நாம் அவரை அனுப்பியது நிழற்குடை திறக்கவா? அமைச்சரை நிற்க வைத்துப் பதில் வாங்கும் உரிமை கலெக்டருக்குக் கிடையாது, தாசில்தாருக்குக் கிடையாது. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இருக்கு. அந்த உரிமையை நமக்காகப் பயன்படுத்தச் சொல்லத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம்.

இது சும்மா கைதூக்கிக் கேட்கிற விஷயம் இல்லீங்க. மக்களவையில் கேள்வி கேட்க 15 நாளாவது முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு 5 கேள்விதான் கணக்கு. குலுக்கலில் தேறினால்தான் பட்டியலில் ஏறும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20 மட்டும். அதற்கு அமைச்சர் வாயால் பதில் சொல்லணும், அதன்மேல் துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத 230 கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். எழுத்தில் வந்தால் மட்டம் என்று நினைக்காதீங்க. மேடையில் பேசியதை இல்லை என்று சொல்லலாம், எழுதிக் கொடுத்த பதிலை அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் காசு கொடுத்துக் கேட்க வைக்கவும் ஆள் கிளம்பினார்கள். 2005 டிசம்பரில் அப்படி மாட்டிய 11 எம்.பி.க்களின் பதவியைப் பறித்து வெளியே அனுப்பியது நாடாளுமன்றம். நம்மிடம் காசு இல்லை. நம்மிடம் இருப்பது சீட்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்தார்களே, அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லை! கொரோனாவைக் காரணம் காட்டி எடுத்துவிட்டு, எழுத்துப் பதில் மட்டும் போதும் என்றார்கள். உழவனின் தலையெழுத்தை மாற்றும் சட்டம் வருகிற நேரத்தில் அமைச்சரை எழுப்பிக் கேட்க வழியில்லை. பிறகு டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள் விவசாயிகள். 2021 நவம்பர் 29 அன்று சட்டங்களை ரத்து செய்யும் மசோதா நிறைவேறியது.

அதே வாரத்தில் நடந்ததைக் கேளுங்க. போராட்டத்தில் இறந்த விவசாயிகள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு நிதியுதவி உண்டா என்று மக்களவையில் கேள்வி வந்தது. வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் கொடுத்த எழுத்துப் பதில் என்ன தெரியுமா? வேளாண் அமைச்சகத்திடம் இதுபற்றிப் பதிவு எதுவும் இல்லை, ஆகவே நிதியுதவி என்கிற கேள்வியே எழவில்லை! செத்தவன் பெயர் அரசாங்க நோட்டில் இல்லை என்றால் அவன் சாகவே இல்லை என்று அர்த்தமா?

டிசம்பர் 7-ஆம் தேதி ராகுல் காந்தி அதே அவையில் கையில் பெயர்ப் பட்டியலோடு எழுந்தார். பஞ்சாப் அரசு சுமார் 400 குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறது, 152 பேருக்கு வேலை கொடுத்திருக்கிறது, இதோ பட்டியல் என்றார். அரியானா விவசாயிகள் 70 பேரின் பட்டியலையும் சேர்த்தே வைத்தார். அவர் எந்தக் கட்சி என்பது நமக்கு முக்கியம் இல்லை. நமக்கு வேண்டியது அந்தப் பட்டியல். பதிவு இல்லை என்று சொன்னவர்களுக்கு முன்னால் ஊரும் பேருமாக ஒரு பதிவை வைத்தார், அதைப் பாருங்க.

இப்போ நம்ம கரும்புக்கு வருவோம்.

ஆலைக்குக் கரும்பு போய் 14 நாளில் பணம் தரணும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. இது நாம் கேட்கும் சலுகை இல்லை, 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே எழுதியிருக்கு. பாக்கி வைத்த ஆலையிடம் நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கவும் அதிலேயே வழியிருக்கு. நமக்குக் கடன் பாக்கி என்றால் வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுறாங்க. ஆலைக்கு ஒட்டியதைப் பார்த்தவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க!

டன்னுக்கு 2,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்க. 40 டன் போட்டவருக்கு ஒரு லட்சம். ஒரு வருஷம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 15,000. மாசத்துக்கு 1,250. அந்த நேரத்தில் நாம் நகையை அடகு வைத்து வெட்டுக்கூலி கொடுத்திருப்போம், அதற்கு வட்டி நாம் கட்டியிருப்போம். நம்ம பணத்தை வைத்திருக்கிற ஆலை ஏன் கட்டக்கூடாது?

இதைச் சபையில் எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். “கரும்பு நிலுவையைப் பெற்றுத்தர அரசு முன்வருமா?” என்று கேட்டால், “ஆவன செய்யப்படும்” என்று ஒரு வரியில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்பவருக்கும் திருப்தி, சொல்பவருக்கும் திருப்தி. நமக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே இப்படிக் கேட்கச் சொல்லணும்: இந்தத் தொகுதியில் 14 நாள் தாண்டியும் பணம் வராத விவசாயிகள் எத்தனை பேர்? தொகை எவ்வளவு? 15 சதவீத வட்டி யாருக்காவது கணக்குப் போட்டுக் கொடுக்கப்பட்டதா? நிலவரி பாக்கி போல வசூலிக்க எந்தத் தேதியில் உத்தரவு போட்டீர்கள், போடவில்லை என்றால் ஏன்? இதற்கு “ஆவன” என்று பதில் சொல்ல முடியாது. எண்ணாவது சொல்லணும், இல்லை என்றாவது சொல்லணும்.

ஆளையும் மாற்றிப் பிடிக்காதீங்க. ஆதார விலையை நிர்ணயிப்பது மத்திய அரசு, அதை எம்.பி. கேட்கணும். ஆலையிடம் வசூலிப்பது மாநில அரசின் பொறுப்பு, அது எம்.எல்.ஏ. வேலை.

இன்னொன்று. “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது” என்பதெல்லாம் தட்டிக்கழிக்கிற பேச்சு மாதிரி தெரியும். ஆனால் நாடாளுமன்றத்தில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூணு மாசத்தில் நிறைவேற்றணும். நிறைவேறியதா என்று பார்க்க மக்களவையில் 1953 முதல் உறுதிமொழிக் குழு இருக்கு. சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு உண்டு. பதில் வந்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்க. கெடு தாண்டினால் அந்தப் பதிலோடு உறுப்பினர் வீட்டு வாசலில் உட்காருவோம்.

ஆகவே ஒவ்வொரு கிராமக் கிளையும் ஒரு நோட்டுப் போடணும். பேர், சர்வே எண், வெட்டு உத்தரவு தேதி, எடைச்சீட்டு எண், டன், வந்த பணம், வராத பணம். பீல்டுமேன் வாயால் சொன்னதை எழுதாதீங்க, சீட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்க. குத்தகைக்குப் பயிர் வைத்தவர் பேரும் விடுபடக்கூடாது. பதிவு வேறொருவர் பேரில் இருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்க. நோட்டின் ஒரு நகல் எம்.எல்.ஏ.வுக்கு, ஒன்று எம்.பி.க்கு, ஒன்று சங்கத்துக்கு. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீங்க. எடைச்சீட்டின் மூலத்தை மட்டும் யார் கேட்டாலும், நாங்களே வந்து கேட்டாலும், கையை விட்டுக் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும்.