தொழிற்கல்வி: கதவும் திறப்பும்

(சுவிற்சர்லாந்தில் எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நடனப் பிள்ளையள் உடுத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால நிக்கினம். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் தொழிற்கல்வி பற்றி, அதாவது நாங்கள் 'லேரே' என்று சொல்லுகிற படிப்பைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள்.

"மகன் கிம்னாசியம் போறார்" என்று சொல்லும்போது எங்கட குரல் உயருகிறது. "மகன் லேரே செய்யிறார்" என்று சொல்லும்போது குரல் தாழுகிறது. இதற்குக் காரணம் உண்டு. ஊரில் உயர்தரப் பரீட்சையில் தேறி மருத்துவம், பொறியியல் என்று போனால்தான் படிப்பு. மற்றதெல்லாம் மிச்சம் மீதி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1970களில் தரப்படுத்தல் வந்து அந்த வாசல் ஒடுங்கியபோது, அதன் மீதான ஆசை இன்னும் கூடினதே தவிரக் குறையவில்லை.

ஆனால் அந்த அளவுகோலை இங்கே கொண்டு வந்து வைத்தால் கணக்குப் பிழைக்கும். இந்த நாட்டில் கட்டாயக் கல்வியை முடிக்கும் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குத்தான் போகினம். வங்கி, மருத்துவமனை, கணினி, மின்சாரம், சமையல் என்று 200 இற்கு மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. கிழமையில் மூன்று நான்கு நாள் தொழிலகத்தில் வேலை, ஒன்று இரண்டு நாள் பாடசாலை, மாதம் ஒரு சிறு சம்பளம். மூன்று அல்லது நான்கு வருடத்தில் 'ஏ-எவ்-செற்' என்ற சான்றிதழ் கிடைக்கும். 1990களில் அறிமுகமான 'தொழில் மத்துறா'வையும் சேர்த்துச் செய்தால், தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம். மேலும் ஒரு இணைப்புப் பரீட்சை எழுதினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். ஆகவே லேரே என்பது முட்டுச்சந்து அல்ல.

அப்படியானால் பிரச்சினை எங்கே? வாசலில் இருக்கிறது. கிம்னாசியத்துக்கு யார் போவது என்பதைப் பள்ளியும் புள்ளிகளும் தீர்மானிக்கின்றன. லேரேக்கு யாரை எடுப்பது என்பதைத் தொழிலக முதலாளி தீர்மானிக்கிறார். அவருடைய மேசையில் 50 கடிதங்கள் கிடந்தால், அதில் எதை எடுத்துப் பிரிப்பது, எதை ஒதுக்கி வைப்பது என்பது அவர் கையில்.

இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003 இல் ரொசிற்றா பிபி, புலன்ற் கயா, எற்றியன் பிகே ஆகிய மூவரும் சுவிற்சர்லாந்தில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நாட்டிலேயே தொழில் பயின்ற இளைஞர்களின் பெயரில் வேலைக்கு விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகைமை ஒன்று, பெயரும் பூர்வீகமும் மட்டும் வேறு. ஜேர்மன் மொழிப் பகுதியில் துருக்கிப் பெயருக்குக் காட்டப்பட்ட பாகுபாடு 30 வீதமளவில் இருந்தது. கொசோவோ அல்பானியருக்கு அது 60 வீதத்தை அண்மித்தது. 2014 இல் ஜேர்மனியில் குடிப்பெயர்வுக்கான நிபுணர் சபை, பயிலுநர் இடங்களுக்கு இதே மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. நேர்முகத்துக்கு ஒரு அழைப்பு வர, ஜேர்மன் பெயருள்ளவர் சராசரி 5 கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதே புள்ளிகள் எடுத்த துருக்கிப் பெயருள்ளவர் 7 கடிதம் எழுத வேண்டியிருந்தது. மிகச் சிறிய தொழிலகங்களில்தான் இந்த வேறுபாடு கூட.

ஏன் சிறிய இடங்களில் கூட? கிறிஸ்டியான் இம்டோர்வ் என்ற ஆய்வாளர் இங்குள்ள சிறிய, நடுத்தரத் தொழிலகங்களிடம் போய், பயிலுநரை எப்படித் தெரிவு செய்கிறீர்கள் என்று கேட்டு ஆராய்ந்தவர். "இவர் எங்களோடு ஒத்துப் போவாரோ? வாடிக்கையாளர் என்ன சொல்லுவினம்? வேலையாட்களுக்குள் ஏதும் கரைச்சல் வருமோ?" என்ற யோசனைகள்தான் அங்கே தெரிவைத் தீர்மானிக்கின்றன என்று அவர் கண்டார். பிள்ளையின் திறமை குறைவு என்பதல்ல காரணம். வராத கரைச்சலை முன்கூட்டியே நினைத்து ஒதுக்குவதுதான் நடக்கிறது.

பெற்றோர்களே, இதிலிருந்து நாங்கள் எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 20 கடிதம் திரும்பி வந்த பிள்ளையை "நீ ஒழுங்காப் படிக்கேல்லை" என்று ஏசாதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு இரண்டு அடி விழுகிறது: ஒன்று வெளியில், மற்றது வீட்டில். இரண்டு, "அவங்கள் எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்று சொல்லிப் பிள்ளையின் கையைக் கட்டாதேங்கோ. கதவு பூட்டியிருக்கிறது என்றால் அதற்கு ஒரு திறப்பும் இருக்கிறது.

அந்தத் திறப்பு 'ஷ்னுப்பர்ன்', அதாவது சில நாள் தொழிலகத்தில் நின்று வேலையைப் பார்த்துப் பழகுவது. கடிதத்தில் இருப்பது ஒரு பெயர். ஷ்னுப்பர்ன் போகும்போது நேரத்துக்கு வந்து, கேள்வி கேட்டு, கூட்டித் துடைத்துவிட்டுப் போகிற ஒரு பிள்ளையை முதலாளி நேரில் காணுகிறார். "ஒத்துப் போவாரோ" என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கிறது. ஆகவே எட்டாம் வகுப்பிலேயே விடுமுறைகளில் பிள்ளையை அனுப்புங்கள். ஓகஸ்ட் மாதம் தொடங்கும் லேரேக்கு இடங்கள் அதற்கு முதல் வருடமே நிரம்பத் தொடங்கிவிடும். கடைசி வருடம் பிந்திய பிறகு ஓடித்திரிந்து பிரயோசனமில்லை.

இன்னொன்று. 2000 ஆம் ஆண்டு பாடசாலையை விட்ட இளையோரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த 'றீ' என்ற ஆய்வு ஒன்று உண்டு. வாசிப்புத் திறன் ஒரே அளவாக இருந்தாலும், ஆறாம் வகுப்புக்குப் பிறகு கீழ்ப்பிரிவில் விடப்பட்ட பிள்ளைக்கு நல்ல பயிலுநர் இடம் கிடைப்பது கடினம் என்று அது காட்டியது. ஆகையால் ஆசிரியர் பெற்றோரை அழைக்கும் அந்தக் கூட்டத்துக்கு வேலைக்கு லீவு போட்டாவது போங்கோ. மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ.

இனித் தொழில்கள் மாறுவதைப் பார்ப்போம். "கைவேலைக்கு என்ன மொழி, என்ன கணக்கு?" என்று கேட்கிற காலம் போய்விட்டது. கார் திருத்துகிறவர் இன்று கணினியைக் கொழுவிப் பிழை தேடுகிறார். மின்சாரக் காரில் கை வைக்க உயர்மின்னழுத்தம் பற்றிப் படித்திருக்க வேணும். 2023 இல் அலுவலகத் தொழிலுக்கான லேரே முழுதாக மாற்றியமைக்கப்பட்டது. பாடத்தை மனப்பாடம் செய்வதைவிட, வாடிக்கையாளரோடு கதைப்பது, வேலையைத் திட்டமிடுவது போன்ற செயல்திறன்களுக்கு இடம் கூடியது. 2024 இல் சூரியமின் தகடு பொருத்துவதற்கென்றே ஒரு புதிய லேரே தொடங்கியது. எங்கட பிள்ளையளுக்கு இன்னொரு கைமுதலும் உண்டு. இங்கு வந்த முதல் தலைமுறை முதுமை அடைகிறது. பராமரிப்பு இல்லத்தில் ஒரு அம்மாவிடம் "எங்க நோகுது?" என்று தமிழிலும், வைத்தியரிடம் ஜேர்மனிலும் கதைக்கக்கூடிய ஒரு பிள்ளையின் திறமையை யார் குறைவென்று சொல்ல முடியும்?

அண்மையில் வந்தவர்களுக்கு ஒரு செய்தி. 2018 இல் 'ஒருங்கிணைவு முன்லேரே' தொடங்கியது. அகதியாக ஏற்கப்பட்டவர்களும் 'எவ்' அட்டை உள்ளவர்களும் ஒரு வருடம் தொழிலும் மொழியும் சேர்த்துப் படித்து லேரேக்கு ஆயத்தமாகலாம். 2019 இலிருந்து இவர்களை வேலைக்கு எடுக்க முதலாளி அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அறிவித்தால் போதும். பல முதலாளிமாருக்கு இது தெரியாது. நீங்களே சொல்லுங்கோ. பாடம் கடினமானவர்களுக்கு இரண்டு வருட 'ஏ-பே-ஆ' லேரே உண்டு. அதை முடித்து மேலே தொடரலாம்.

வயது வந்தவர்களே, உங்களையும் மறக்கவில்லை. எத்தனை பேர் 20, 25 வருடமாக றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறீர்கள்! சாப்பாடு முழுக்க நீங்கள் சமைப்பீர்கள். சம்பளப் பத்திரத்தில் மட்டும் 'பயிற்சி இல்லாத உதவியாள்' என்று இருக்கும். தொழிற்கல்விச் சட்ட விதிகளின் 32 ஆம் பிரிவின்படி, குறைந்தது 5 வருட வேலை அனுபவம் உள்ளவர், லேரே செய்யாமலே இறுதிப் பரீட்சைக்கு அனுமதி கேட்கலாம். அதில் ஒரு பகுதி அந்தத் தொழிலில் பெற்ற அனுபவமாக இருக்க வேணும். மொழி தேவை, படிக்கவும் வேணும், இலகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் உள்ள வேலையைக் கடதாசியில் எழுதுவிக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கன்ரோனின் தொழில் ஆலோசனை நிலையத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக, கடை வைத்திருக்கும் எங்கட உறவுகளுக்கு ஒரு கேள்வி. மற்றவர்கள் கதவைத் திறக்கவில்லை என்று ஆதங்கப்படுகிறோம். எங்கட கடையளில், கராஜுகளில், சமையலறைகளில் எத்தனை பயிலுநர்கள் நிற்கினம்? அதற்குக் கன்ரோனின் அனுமதி வேணும். பொறுப்பாக நிற்பவர் அந்தத் தொழிலில் தகைமை பெற்றவராக இருந்து, பயிற்றுநருக்கான ஒரு குறுகிய வகுப்பையும் முடிக்க வேணும். அந்த வகுப்பு சில நாட்கள்தான். தமிழ்ப் பிள்ளையை மட்டுமல்ல, எரித்திரியப் பிள்ளையையும், ஆப்கான் பிள்ளையையும், சுவிஸ் பிள்ளையையும் எடுங்கள். "ஒத்துப் போவாரோ" என்று பெயரைப் பார்த்துத் தயங்குகிற முதலாளிகளாக நாங்களும் மாறிவிடக் கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். எந்தெந்தத் தொழிலில் யார் வேலை செய்கிறார் என்று ஒரு பட்டியலை இந்த வருடமே தயாரியுங்கள். மின்சார வேலை பழக விரும்பும் பிள்ளை ஒரு மின்சாரத் தொழிலாளியோடு தமிழிலேயே கதைத்து விளங்கிக்கொள்ளட்டும். ஷ்னுப்பர்ன் இடம் எடுக்க அவர் தன் செவ்விடம் ஒரு வார்த்தை சொன்னால், அது பத்துக் கடிதத்துக்குச் சமம்.

அடுத்த சித்திரையில் இந்த மண்டபத்தில் ஒரு தாய், "என்ர மகள் லேரே செய்யிறா" என்று குரல் தாழாமல் சொல்ல வேண்டும். அதுதான் எனது புத்தாண்டு விருப்பம்.