மரை போடும் வேகம்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் லேத் பட்டறை நடத்தும் நம்ம ஆட்கள் பலர் இங்கே இருக்கீங்க. காலையில் பம்புசெட் வார்ப்பிரும்பு வரும். மதியம் டிராக்டர் டிரெய்லருக்கு எம்.எஸ். பிளேட், சாயங்காலம் ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்ச். மூன்றுக்கும் ஒரே வேகத்தில் டேப் போடுவோம். ஒருநாள் டேப் துளைக்குள் முறிஞ்சு நிற்கும். டேப் போனால் சில நூறு ரூபாய். முடியும் தருவாயில் இருந்த பாகமும் சேர்ந்து போனால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

கடைசல் பிடிக்கும்போது மெஷின் திணறினால் ஃபீடைக் குறைக்கலாம். டேப்பில் அந்தச் சலுகை கிடையாது. எம்10 டேப் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. இறங்கியே தீரும். நம்ம கையில் இருப்பது வேகம்தான்.

கணக்கு எளிது. வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு இத்தனை மீட்டர்) 1000 ஆல் பெருக்கி, 3.14 ஆலும் மி.மீ. விட்டத்தாலும் வகுத்தால் நிமிடச் சுற்று வரும். ஹைஸ்பீடு ஸ்டீல் எம்10 டேப்புக்கு ஆரம்ப அளவுகள் இவை:

எம்.எஸ்.: 12 மீட்டர், சுமார் 380 சுற்று.
வார்ப்பிரும்பு: 10 மீட்டர், 320 சுற்று.
அலுமினியம்: 20 மீட்டர், 640 சுற்று.
304 ஸ்டெயின்லெஸ்: 5 மீட்டர், 160 சுற்று.

மெஷினில் அந்தச் சுற்று இல்லையென்றால் அடுத்த குறைந்த படியில் வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது; வெட்டாமல் உரசினால் இன்னும் கெட்டிப்படும். அதனால் மெதுவாக, ஆனா நிறுத்தாம, நல்ல வெட்டு எண்ணெயோடு போடணும். மழுங்கிய டிரில்லில் 8.5 மி.மீ. துளை போட்டிருந்தால் துளைச் சுவரே இறுகியிருக்கும். அப்புறம் எந்த வேகமும் காப்பாற்றாது. அலுமினியம் டேப்பில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விடுங்கள். வார்ப்பிரும்பு தூளாக உதிரும். எண்ணெய் இல்லாமலே போடலாம்.

அடிப்பக்கம் மூடிய துளையில் இன்னொரு கவனம் வேண்டும். 20 மி.மீ. ஆழத்தை 320 சுற்றில் டேப் இரண்டரை விநாடியில் முடித்துவிடும். 640இல் ஒன்றேகால் விநாடிதான். அதற்குள் கை ரிவர்ஸ் போடுமா? போடாதென்றால் அட்டவணை என்ன சொன்னாலும் வேகத்தைக் குறையுங்கள்.

நண்பர்களே, இந்த அளவுகளை ஓர் அட்டையில் எழுதி டிரில்லிங் மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள். முறிஞ்ச டேப்புக்காக ஐ.டி.ஐ. முடிச்சு வந்த பையனின் சம்பளத்தில் பிடிக்கிற பழக்கம் நம்ம பட்டறைகளில் வேண்டாம். எந்த வேகம் என்று சொல்லித்தராதது அவன் குற்றமில்லையே!