பழவேற்காட்டில் மீன் பிடிக்கப் பழகுவது



மீன் பிடிக்கப் பழகணும்னா முதல்ல வலை வாங்கணும்னு நினைப்போம். பழவேற்காட்டில் வலைக்கு முன்னால் முறை தெரியணும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை கட்ட முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால், அடுத்து இன்னொருவருக்கு. நம்ம லேப் பேட்ச் மாதிரிதான், ஆனால் இங்கே யாரும் பிராக்ஸி கொடுக்க முடியாது! பாடு உரிமை தலைமுறையாக வருவது. அது இல்லாதவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் வருத்தம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

வலையே இல்லாமல் பிழைப்பவர்கள் இருளர்கள். ஆழம் குறைந்த நீரில் நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்குமே!

வலைக்கும் கைக்கும் ஒரே ஆதாரம் முகத்துவாரம். கடலில் பிறந்த இறால் குஞ்சாக உள்ளே வந்து, வளர்ந்து, கடலுக்கே திரும்பும். அலை ஒதுக்கும் மணல் வாயை அடைத்தால் வரத்து குறையும். படகும் கடலுக்குப் போக முடியாது. தூர்வாரிய பிறகும் மணல் மறுபடி மூடியிருக்கிறது. சிவில் தம்பிகளே, புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? பொன்னேரி போய்ப் பஸ் ஏறுங்கள். டேப்பை விரிக்கும் முன் கரையில் உள்ள பெரியவரிடம், “ஐயா, இன்னிக்கு யார் பாடு?” என்று கேளுங்கள்.