வேலி தாண்டிய ஈகை

இராசபாளையத்தார்க்கும் திருவில்லிபுத்தூரார்க்கும் ஈகையின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலேயே ஆண்டாள் அதனை நோன்பின் உறுப்பாக வைத்துவிட்டாள். ஆயினும், அவ்வீகை தன் கூட்டத்தின் வேலியைத் தாண்டுமா என்பது வேறு வினா.

கி.பி. 250-இல் உரோமப் பேரரசன் தேசியுசின் ஆணையால் கிறித்தவர்கள் கொடுமைக்கு ஆளாயினர். அடுத்த சில ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கக் கார்த்தேசு நகரைக் கொள்ளைநோய் பற்றியது. நோயுற்றோர் தெருவில் எறியப்பட்டனர். ஆயர் சிப்பிரியானோ, நம்மவரைப் பேணுவதில் வியப்பென்ன, நம்மைத் துன்புறுத்தியவர்க்கும் நன்மை செய்க என்று தம் மக்களை ஏவினார். வடு ஆறுமுன் சொல்லப்பட்ட சொல் அது!

தமிழகத்தில் அதே வினாவை எழுப்பியது 1876–78-இன் தாது வருடப் பஞ்சம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தம் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டி திறந்தார். பசித்து வந்தவரின் சமயத்தை அவர் பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு அவர்மீது கீர்த்தனை பாடினார். மானிடரைப் பாடுதல் நரத்துதி என்று புலவருலகம் பழிக்கும். பழிப்பதும் பெரும்பாலும் நியாயமே. இப்பாட்டு அப்பழிக்குள் அடங்காது.

வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' 1878-இல் வெளிவந்தது. பஞ்சம் தீர இறைவனிடம் முறையிடும் கீர்த்தனையும் அவர் இயற்றியதே. கஞ்சி வார்த்த கை எழுதியது என்ற நினைவோடு கவிஞர்கள் அதனை ஒருமுறை பாடிப் பார்த்தல் வேண்டும்.