கெட்ட பழக்கமும் அடிமைத்தனமும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாலிபரைக் குறித்து அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "பெடியன் பழுதாய்ப் போனான்." எட்டு மணி வரை தூங்குபவனும் பழுது, சந்தியில் நின்று சிகரெட் புகைப்பவனும் பழுது, தாயின் நகையை அடகு வைத்து ஐஸ் என்னும் போதைப்பொருள் வாங்குபவனும் பழுது. மூவருக்கும் ஒரே ஏச்சு, ஒரே புத்திமதி. மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கும் இந்த மயக்கம் புதிதன்று. அங்கே எல்லாவற்றையும் 'பாவம்' என்ற ஒரு சொல்லில் அடக்கக் கற்றோம். இம்மயக்கத்தினால் விளைந்த தீங்கொன்றை எமது சங்கத்திலேயே கண்டதனால்தான் இன்று பேசத் துணிந்தோம்.

நளன் கதையை அறியாதார் இங்கே இரார். கால் கழுவுகையில் சிறிது இடம் நனையாமல் விட்டான். அவ்வழியே கலி புகுந்தான் என்பர். கால் சரியாகக் கழுவாதது ஓர் அசட்டை. தமயந்தி ஒருமுறை சொல்லியிருந்தால் திருந்தியிருக்கும். கலி புகுந்த பின்போ, குடிமக்கள் வாசலில் வந்து நின்றும், தமயந்தி அழுதும், நளன் சூதை விட்டு எழவில்லை. அவன் அறிவிலியா? தேவர்களே மெச்சிய அரசன். அறிவு இருந்தது, அறிந்தபடி நடக்கும் சுதந்திரம் போய்விட்டது. வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கட்டுப்படுத்த இயலாமை, படிப்பு குடும்பம் யாவற்றுக்கும் மேலாக அதுவே முந்தி நிற்றல், கேடு தெரிந்தும் தொடர்தல் என்பன அடையாளங்கள். மதுவுக்கு மாத்திரமன்று, சூதாட்டத்துக்கும் கைத்தொலைபேசி விளையாட்டுக்கும் அங்கே இடமுண்டு. (சில சிநேகிதர்கள் கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் இடுவதைக் காண்கிறோம்!)

பெரியோர் மன்னிக்க வேண்டும்: சாராயம் இன்றி உறங்க முடியாத மாமாவுக்கு மட்டும் அது "சின்னப் பழக்கம்" ஆகிவிடுகிறது. காலையில் அவர் கை நடுங்குவதை நாம் பார்ப்பதில்லை.

எமது அங்கத்தவர் ஒருவர் தேவாரம் பாடுவதில் வல்லவர். நாளாந்தம் குடிக்கு ஆட்பட்டார். நாம் கூடிப் புத்தி சொன்னோம். கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கினோம். அன்றே நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம், வைத்தியரின் மேற்பார்வை வேண்டும் என்பதை நாம் அப்போது அறியோம். பிழைத்து வந்தவர் மீண்டும் குடித்தார். சத்தியம் தவறியவர் என்று அவர் பெயரை நீக்கினோம்.

கள்ளுண்டு களித்தவனுக்கு நியாயம் எடுத்துரைப்பதை, நீருள் மூழ்கியவனை விளக்குக் கொண்டு தேடுவதற்கு வள்ளுவர் ஒப்பிட்டார். நாம் தேடியது அப்படித்தான். கள்ளுண்ணாமை, சூது என்னும் அதிகாரங்களை அடுத்து அவர் வைத்தது 'மருந்து' என்பதும் பிந்தியே எம் கண்ணிற் பட்டது.

அப்படியாயின் சமயத்துக்கு வேலை இல்லையா? உண்டு. ஆன்மா வேறு, அதைப் பற்றிய மலம் வேறு என்பது சைவசித்தாந்தம். செம்பிற் களிம்பு போல என்பர். களிம்பைக் கண்டு செம்பை எறிவாரில்லை. ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பதும் அச்சித்தாந்தமே. தேவாரக் கூட்டத்திலிருந்து அவரை நாம் தள்ளியபோது, தவறணை ஒன்றே அவருக்குச் சார்பாக மிஞ்சியது. நளனிடமிருந்து கலி நீங்கியதும் ஏச்சினால் அன்று. இருதுபன்னன் என்ற நல்ல துணை வாய்த்து, அவனிடம் வித்தை கற்றபோதுதான். (பின்பு நளன் மீண்டும் சூதாடி நாட்டை வென்றான். அதனை எவரும் பின்பற்ற வேண்டாம்.)

அவர் இப்போது வைத்தியரிடம் போய்வருகிறார். சென்ற மாதம் பொன்னம்பலவாணேசர் கோயிலிற் கண்டோம். தூணுக்குப் பின்னால் நின்றார். எமக்கும் பேச வாய் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு அவரை அழைக்க, எம்மில் இருவர் அவர் வீட்டுக்குப் போக இருக்கிறோம். பெயரை நீக்கிய நாம் மட்டும் போனால் அவருடைய தாயார் கதவைத் திறப்பாரோ தெரியாது. பெரியோர்களில் ஒருவர் கூட வருவீர்களா?