சின்ன மருமகள் ஏன் குடித்தாள்?



திரையில் ஒருவன் பாட்டிலைத் திறந்தால் போதும், மூலையில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. குடி வீட்டைக் கெடுக்குமாம். சரி. ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிற வீடு ஒருத்தியைக் குடிக்க வைத்தால், அந்த வீட்டுக்கு என்ன எச்சரிக்கை போடுவீர்கள்?

1962-இல் வந்த ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ படத்தை வைத்துத்தான் கேட்கிறேன். பிமல் மித்ராவின் வங்க நாவல், குரு தத் தயாரிப்பு, அப்ரார் அல்வி இயக்கம். கல்கத்தா ஜமீன் மாளிகையின் சின்ன மருமகளாக மீனா குமாரி. பொழுது சாய்ந்தால் புருஷன் நாட்டியக்காரி வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். போகாதீர்கள் என்று கெஞ்சினால் அந்தப் பெரிய மனிதன் சொல்கிற யோசனை என்ன தெரியுமா? பழைய நகையை அழித்துப் புதுநகை செய்துகொள், சோழி ஆடு, நன்றாகத் தூங்கு! மற்ற மருமகள்கள் அப்படித்தானே இருக்கிறார்கள்!

அவள் எதைத்தான் செய்து பார்க்கவில்லை? புருஷனை வசியம் பண்ணும் என்று விற்ற மோகினிச் சிந்தூரத்தை ஆள்விட்டு வாங்கி வகிட்டில் வைத்தாள். பலிக்கவில்லை. அங்கே இருப்பவள் என்னோடு குடிக்கிறாள், உன்னால் முடியுமா என்றான். குடித்தாள். ஐயா, போதைக்கா குடித்தாள்? பத்தினி என்று கும்பிடுகிறீர்களே, அந்தப் பத்தினித்தனம்தான் அவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்தது! கீதா தத் குரலில் போதையோடு அவள் பாடும் பாட்டிலும், போகாதே என்ற ஒரே கெஞ்சல்தான். பிறகு அவனே படுத்த படுக்கையாகி, குடியை விடு என்றான். அவளால் விட முடியவில்லை.

காதலித்தவளைக் கட்டத் துணிவில்லாமல் குடித்துச் செத்த தேவதாஸையும் வங்கம்தான் தந்தது. 1953-இல் படத்தில் அந்த வேடத்தில் நாகேஸ்வர ராவ் இருமி இருமிச் செத்தபோது தமிழ்நாடே மூக்கைச் சிந்தியது. அவன் கையில் யார் கிண்ணத்தைத் திணித்தார்கள்? இவளோ, புருஷன் நோய் தீரச் சாமியாரைப் பார்க்க வேற்று ஆணோடு இரவில் வண்டியேறினாள். மானம் போயிற்று என்று புருஷனின் அண்ணன் ஆளனுப்பிக் கொன்று மாளிகைக்குள்ளேயே புதைத்தான். இந்தக் கொலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தும், “பொம்பளை குடிக்கலாமா?” என்று பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

“மீனா குமாரியும் 1972-இல் ஈரல் கெட்டுத்தானே செத்தார்?” என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஆமாம் தம்பி. 1962-ஆம் வருடப் படங்களுக்கான ஃபிலிம்பேர் சிறந்த நடிகைப் போட்டியில் நின்ற மூன்று வேடங்களும் அவருடையவைதான். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மதுவிலக்குப் பிரசாரத்துக்கு இந்தப் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். முன்வரிசையில் மட்டும் தாய்மார்களை உட்கார வைக்காதீர்கள். அந்த நாற்காலிகள் புருஷன்மாருக்கும், அவர்களுடைய அண்ணன்மாருக்கும்!